முதுகும் ஓர் அமானிதம்



கிடங்கு வேலை நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. அரிசியும் பருப்பும், தோலும் துணியும், மிளகாயும் மல்லியும் எங்கெல்லாம் அடுக்கி வைக்கப்பட்டனவோ, அங்கெல்லாம் நம்மவர்கள் கணக்கெழுதியிருக்கிறார்கள்; காவல் இருந்திருக்கிறார்கள்; மூட்டை சுமந்திருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் அதைக் கிட்டங்கி என்கிறோம். சென்னையில் குடோன் என்பார்கள். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் தொலைபேசியில் வேர்ஹவுஸ் என்கிறார்கள்.

இக்கிடங்குகளுக்குள் இப்போது இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மூட்டையை லாரியின் உயரத்துக்கு ஏற்றிவிடும் கன்வேயர் முதல், ஓட்டுநரின்றித் தானே செல்லும் வண்டி வரை அவை பலவகை. இதைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி, “அப்படியானால் ஆட்களுக்கு வேலை போய்விடுமா?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஒரு குடும்பத்தின் உணவு அதில் அடங்கியிருக்கிறது. எனினும் அதனோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: வேலை இருந்த காலத்தில் அந்த மனிதரின் உடம்பு என்ன ஆனது?

இவ்விரு கேள்விகளும் சில ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் பேசப்பட்டு வருகின்றன. சகோதரர்கள் நாங்கள் மூவர். இருவர் ஊரில் மளிகைச் சரக்கை மொத்தமாக வாங்கி விற்கிறோம். சிறிய கிட்டங்கி ஒன்று உண்டு. இளையவர் துபாயில் ஜெபல் அலிப் பகுதியிலுள்ள பெரிய கிடங்கொன்றில் பணிபுரிகிறார். எங்கள் வாப்பாவோ தம் இளமை முழுவதும் மூட்டை சுமந்தவர். சுமந்தவரின் பிள்ளைகளாகவும், கூலி கொடுப்பவர்களாகவும், கூலிக்கு உழைப்பவரின் உடன்பிறந்தோராகவும் நாங்கள் கண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நாற்காலியில் தொழுபவர்கள்

எந்த ஊர்ப் பள்ளிவாசலிலும் ஸஃப்பின் ஓரத்தில் சில நாற்காலிகள் இருக்கும். அவற்றை முதுமையின் அடையாளமாகவே நாம் காண்கிறோம். எங்கள் மஹல்லாவில் அந்நாற்காலிகளில் அமர்ந்து தொழுபவர்களின் பழைய தொழில் என்னவென்று ஒருமுறை நாங்கள் நினைத்துப் பார்த்தோம். ஒருவர் கப்பலில் சரக்கு இறக்கியவர். ஒருவர் மர வாடியில் இருந்தவர். இருவர் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை சுமந்தவர்கள். அவர்களில் சிலர் இன்னும் அறுபதைத் தொடவில்லை.

எங்கள் வாப்பா தம் நாற்பத்தெட்டாம் வயதிலிருந்து ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்க இயலாதவரானார். கூலி குறைவு என்றோ, முதலாளி கடிந்தார் என்றோ அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ரமலான் மாதத்தில் மட்டும், தராவீஹ் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், “நின்று தொழ முடியவில்லையே” என்பார். வேறெதுவும் சொல்லமாட்டார்.

அவர் காலத்தில் அரிசி மூட்டை 100 கிலோ. இருவர் சேர்ந்து தூக்கி ஒருவர் முதுகில் வைப்பார்கள். அவர் அதைச் சுமந்தபடி சாய்வுப் பலகையில் ஏறி அட்டியின் உச்சியில் இறக்குவார். இப்போது பெரும்பாலும் 50 கிலோ மூட்டைகள். 25 கிலோப் பைகளும் வந்துவிட்டன. சுமை பாதியானது பெரிய முன்னேற்றந்தான். ஆயினும் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்கலாம். பத்து டன் ஏற்றி வரும் ஒரு லாரியில் 50 கிலோ மூட்டைகள் 200 இருக்கும். நால்வர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை, அதாவது 2,500 கிலோ. ஒரே நாளில் மூன்று லாரிகள் வந்துவிட்டால் ஒவ்வொருவர் உடம்பின் வழியாகவும் 7,500 கிலோ கடந்து செல்கிறது.

உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரை, வயது வந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை மேல்வரம்பாகக் கூறியது. தொழில்நல ஆய்வில் பெயர்பெற்ற அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்தி வெளியிட்ட சூத்திரம் இன்னும் கடுமையானது. சுமை உடலை ஒட்டியிருக்க வேண்டும், இடுப்புத் திரும்பக்கூடாது, பிடிமானம் நன்றாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தாலும் 23 கிலோவே அதன் எல்லை. குனிந்தால், திரும்பினால், கையை நீட்டினால், அடிக்கடி தூக்கினால் அந்த எண் மேலும் இறங்கிக்கொண்டே போகும். காரணம் எளிது. முதுகெலும்பின் கண்ணிகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் வட்டுகள், கையிலுள்ள எடையை மட்டும் தாங்குவதில்லை. அந்த எடை உடலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதற்கேற்பப் பெருகும் அழுத்தத்தையும் தாங்குகின்றன. லாரியின் மூலையில் கிடக்கும் மூட்டையை எட்டி இழுப்பவரின் முதுகில் 50 கிலோவைப் போல் பல மடங்கு இறங்குகிறது.

இந்தக் காயத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது எந்த நாளில் நிகழ்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அட்டி சரிந்து ஒருவர் இறந்தால் காவல்துறை வரும், நட்டஈட்டுப் பேச்சு நடக்கும். இருபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தேய்ந்த முதுகுக்கு வழக்கும் இல்லை, சாட்சியும் இல்லை. “வயதாகிவிட்டது” என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது.

இயந்திரம் எதை ஏற்றுக்கொள்கிறது

உழைப்பை ஒழிக்கும் ஆசையிலிருந்து பிறந்தவை ரோபோக்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். தொழிற்சாலையில் வேலைக்கு வந்த முதல் ரோபோ, யூனிமேட் என்பது. 1961-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் அது நிறுவப்பட்டது. அச்சிலிருந்து வெளிவரும் கொதிக்கும் உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பதே அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. மனிதர் கைவைக்கக் கூடாத இடத்தில்தான் இயந்திரத்தின் கை முதலில் வைக்கப்பட்டது. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், அதைக்கொண்டு அவர்கள் கவசம் செய்ததையும் சிறுவயதில் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். இரும்பின் அறிவு மனித உடம்பைக் காக்கவும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அதிலிருந்து நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

கிடங்கில் உடம்புக்கு வரும் ஆபத்துகள் ஐந்தாறு வகை. ஒவ்வொன்றையும் இயந்திரம் எப்படிக் குறைக்கிறது என்பதை இளையவர் விடுமுறையில் வரும்போதெல்லாம் விவரிப்பார்.

முதலாவது தூக்குதல். இங்கே கன்வேயரும் பேலட் எனப்படும் சரக்குப் பலகையும் பெரும் வேலை செய்கின்றன. அவர் பணிபுரியும் கிடங்கில், கண்டெய்னருக்குள்ளேயே நீண்டு செல்லும் கன்வேயர் உள்ளது. தொலைநோக்கிக் குழாய்போல் அது உள்ளே நீளும். பெட்டியை எடுப்பவர் இரண்டடி நகர்த்தினால் போதும். சுமந்து நடக்க வேண்டியதில்லை. கனமான பெட்டிகளைக் காற்றுறிஞ்சும் குழாயால் பற்றித் தூக்கும் கருவியும் உண்டு. மனிதர் வழிகாட்ட, எடையைக் கருவி தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது உயரம். நம் ஊர்க் கிட்டங்கியில் பத்துப் பதினைந்து அடுக்கு உயர்ந்த அட்டியின்மேல் வெறுங்காலுடன் நிற்பது வழக்கம். அடியில் ஒரு மூட்டை நனைந்து இளகியிருந்தாலும் முழு அட்டியும் சாயும். தானியங்கிக் கிடங்குகளில் இரும்பு அடுக்குகளுக்கிடையே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் மேலே சென்று சரக்கை எடுத்து வருகிறது. அங்கே மனிதர் ஏறுவதே இல்லை. ஏறாதவர் விழுவதில்லை.

மூன்றாவது வண்டிகள். இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே ஏறக்குறைய நான்கு டன் இருக்கும். அது பின்சக்கரத்தால் திரும்புவதால் வளைவில் அதன் பின்பகுதி வெளியே வீசும். முன்னால் சரக்கு மறைத்தால் ஓட்டுநருக்குப் பாதை தெரியாது. இப்போது பல இடங்களில் வண்டிக்குச் சில மீட்டர் முன்னால் தரையில் நீல ஒளிப்பொட்டு விழுமாறு விளக்கு பொருத்துகிறார்கள். திருப்பத்தின் மறுபக்கம் நிற்பவர், வண்டி வருமுன் அந்த ஒளியைக் காண்பார். ஆளின்றி ஓடும் வண்டிகளில் லேசர் சென்சார் உண்டு. அது தனக்கு முன்னால் இரண்டு எல்லைகளை வகுத்துக்கொள்கிறது. முதல் எல்லைக்குள் யாரேனும் வந்தால் வேகத்தைக் குறைக்கும். இரண்டாம் எல்லைக்குள் வந்தால் நின்றுவிடும். இரவு முழுதும் கண்விழித்த களைப்போ, வீட்டுக்கவலையோ அதற்குக் கிடையாது.

நான்காவது நடை. பெரிய கிடங்குகளில் பொருள் பொறுக்கி எடுப்பவர் ஒரு நாளில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் நடக்க நேரும். தரையோடு தவழும் ரோபோக்கள் அலமாரியையே அவரிடம் தூக்கி வந்து நிறுத்துவதால் அந்த நடை மிச்சமாகிறது.

ஐந்தாவது, நம்மில் பலரும் அறியாதது, கண்டெய்னருக்குள் அடைபட்ட காற்று. பூச்சி அண்டாமலிருக்க மீத்தைல் புரோமைடு, பாஸ்பீன் போன்ற நச்சு வாயுக்களைக் கண்டெய்னரில் செலுத்துவது உலகெங்கும் உள்ள நடைமுறை. துறைமுகம் கடந்து வந்த பெட்டியைத் திறந்தவுடன் உள்ளே நுழைபவர் அதைச் சுவாசிக்கக்கூடும். கையடக்க வாயுமானி ஒன்று, உள்ளே போகலாமா கூடாதா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். அத்துடன் வெப்பமும் சேர்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. வெயிலில் நிறுத்தப்பட்ட இரும்புப் பெட்டியின் உட்புறம் நிழல்தான். ஆனால் அந்நிழல் அடுப்பின் நிழல். அங்கே ஒருவர் நிற்கும் நேரத்தை இயந்திரம் பாதியாக்கினால் அதுவே பெரிய உதவி.

வேகம் யார் கையில்?

இதுவரை சொன்னதை மட்டும் கேட்டால், இயந்திரத்தை வாங்கி நிறுத்திவிட்டால் போதும், தொழிலாளி காக்கப்பட்டுவிடுவார் என்று தோன்றும். அனுபவம் அவ்வாறு கூறவில்லை.

1979 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளாட் ராக் என்னும் ஊரிலுள்ள ஃபோர்டு வார்ப்பாலையில் 25 வயதுத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். வார்ப்புப் பாகங்களை அடுக்குகளிலிருந்து எடுத்து வரும் ரோபோ அங்கே இயங்கிக்கொண்டிருந்தது. ரோபோ சரியாக எடுத்துத் தராததால் அவர் தாமே அடுக்கின்மேல் ஏறினார். ஓசையின்றி வந்த இயந்திரக் கரம் அவர் தலையில் மோதியது. ரோபோவால் இறந்த முதல் மனிதர் என அவரே குறிப்பிடப்படுகிறார். மனிதர் உள்ளே வந்துவிட்டார் என்பதை அந்த இயந்திரத்துக்குச் சொல்ல வழியே இருக்கவில்லை. இயந்திரம் நெருங்குகிறது என்பதை மனிதருக்குச் சொல்ல எச்சரிக்கை மணியும் இல்லை. 1983-இல் நடுவர் குழு, அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் வழங்குமாறு ரோபோவைத் தயாரித்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இன்று ரோபோக்களைச் சுற்றி வேலியும், கதவு திறந்தால் மின்சாரம் நிற்கும் பூட்டும் இருக்கின்றன. அவை இத்தகைய மரணங்கள் கற்பித்த பாடங்கள்.

அடுத்த பாடம் இன்னும் நுட்பமானது. 2012-இல் அமேசான் நிறுவனம், அலமாரியைத் தூக்கி வரும் ரோபோக்களைச் செய்த கீவா சிஸ்டம்ஸ் நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2025-இல் தன் கிடங்குகளில் பத்து இலட்சம் ரோபோக்களை நிறுவிவிட்டதாக அறிவித்தது. தொழிலாளியின் நடை மிச்சமானது உண்மை. ஆனால் 2020-இல் ரிவீல் என்னும் அமெரிக்கப் புலனாய்வு இதழியல் அமைப்பு, 2016 முதல் 2019 வரையிலான அந்நிறுவனத்தின் உள்பதிவுகளை ஆராய்ந்து, ரோபோக்கள் உள்ள கிடங்குகளில் கடுமையான காயங்களின் விகிதம் ரோபோ இல்லாதவற்றைவிட 50 விழுக்காட்டுக்கும் மேல் அதிகம் என்று வெளியிட்டது. நிறுவனம் இம்முடிவை மறுத்தது. ரோபோக்கள் பாதுகாப்பைக் கூட்டுகின்றன என்றே அது சொல்லிவருகிறது.

காரணமாக அந்த ஆய்வு காட்டியது வேகத்தைத்தான். முன்பு மணிக்கு நூறு பொருள் எடுத்தவரிடம், ரோபோ வந்தபின் நானூறு வரை எதிர்பார்க்கப்பட்டது. நானூறு என்றால் ஒன்பது நொடிக்கு ஒன்று. நின்ற இடத்திலேயே நின்று, அதே தோளை அதே திசையில், பத்து மணி நேரம் அசைத்தால் என்னவாகும்? முதுகிலிருந்து இறங்கிய சுமை தோளிலும் மணிக்கட்டிலும் ஏறிக்கொள்ளும்.

ஆகவே எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் நாங்கள் கேட்பது ஒன்றே: அது மிச்சப்படுத்திய நேரம் யாருக்குப் போகிறது? அதில் ஒரு பங்கு மூச்சுவாங்கும் நேரமாகத் தொழிலாளியிடம் திரும்பினால் இயந்திரம் பாதுகாப்பு. முழுவதும் அடுத்த லாரிக்கே போய்விட்டால், அது சவுக்கின் வேறொரு வடிவம்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் நம் மார்க்கத்தைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மின்னசோட்டா மாநிலத்தின் ஷாக்கபீ நகரிலுள்ள அமேசான் கிடங்கில் சோமாலியாவிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். தொழுகைக்குச் சென்ற சில நிமிடங்கள் தம் வேகக் கணக்கைக் குறைத்துவிடுகின்றன என்றும், ரமலானில் நோன்பு வைத்தபடி அதே வேகத்தை எட்ட முடியவில்லை என்றும் 2018-இல் அவர்கள் முறையிட்டார்கள். 2019 ஜூலையில், நிறுவனத்தின் பெரும் விற்பனை நாளன்றே வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பலர் ஆங்கிலம் அதிகம் அறியாதவர்கள். வேலையை இழந்தால் அடுத்த வாடகைக்கு வழியில்லாதவர்கள். 2023-இல் மின்னசோட்டாவில் கிடங்குத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எவ்வளவு வேகம் எதிர்பார்க்கப்படுகிறது என்பதைத் தொழிலாளிக்கு அவர் அறிந்த மொழியில் எழுத்தில் தர வேண்டும். உணவு, ஓய்வு, கழிப்பறை ஆகியவற்றோடு தொழுகை நேரத்தையும் பறிக்கும் இலக்கை விதிக்கக்கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. கலிஃபோர்னியாவில் இத்தகைய சட்டம் 2022 ஜனவரி முதலே நடைமுறையில் உள்ளது.

எங்கள் கிட்டங்கியில்

எங்கள் கிட்டங்கியில் ஆறு பேர் மூட்டை இறக்குகிறார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. லாரிக்கு ஏற்றும் மின்கன்வேயர் ஒன்றும், பேலட்டை உயரத்துக்குத் தூக்கும் ஸ்டாக்கர் வண்டி ஒன்றும் வாங்குவதென்று சகோதரர்கள் முடிவெடுத்தபோது, முதலில் அவர்களிடம் பேசினோம். அஸர் தொழுகைக்குப் பின் கிட்டங்கித் திண்ணையில் எல்லோரும் அமர்ந்தோம்.

அவர்களுக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன. எத்தனை பேரை நிறுத்துவீர்கள் என்பது ஒன்று. இயந்திரம் தூக்குகிறதே என்று சொல்லி மூட்டைக் கூலியைக் குறைத்துவிடுவீர்களோ என்பது மற்றொன்று. அவர்களில் மூத்தவர், எங்கள் வாப்பாவோடு சேர்ந்து மூட்டை சுமந்தவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். அவர் எங்களைத் தம்பி என்பார். எல்லோரும் பேசி முடிந்தபின் அவர் சொன்னார்: “தம்பி, மிசினு தூக்கட்டும், நல்லதுதான். ஆனா நாங்க எப்ப மூச்சு வாங்கணும்னு மிசினு சொல்லக்கூடாது.”

மின்னசோட்டாவின் சட்டத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. அச்சட்டத்தின் சாரத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பணியாளர்மீது அவர் சக்திக்கு மீறியதைச் சுமத்தக்கூடாது. சுமத்த நேர்ந்தால் நாமும் கூட நின்று கைகொடுக்க வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். கூலியை உரிய நேரத்தில் கொடுப்பதில் கவனமாக இருக்கும் வியாபாரிகள் நம்மில் பலர், அல்ஹம்துலில்லாஹ். இரண்டாம் பாதியை, கைகொடுத்தலை, எவ்வாறு நிறைவேற்றுவது? கல்லாவில் அமர்ந்திருக்கும் எங்களால் 50 கிலோ மூட்டையைத் தூக்க இயலாது. எங்கள் கைக்குப் பதிலாக நாங்கள் வாங்கி நிறுத்தும் இரும்புக் கைதான் அந்தக் கன்வேயர் என்று எண்ணிக்கொண்டோம். இன்னொருவரின் முதுகு நம்மிடம் சில ஆண்டுகள் ஒப்படைக்கப்படுகிறது. கடனாகப் பெற்ற பொருளைச் சேதமின்றித் திருப்பித் தருவது கடமையென்றால், முதுகையும் அப்படித்தானே தர வேண்டும்?

நான்கு உடன்பாடுகள் ஏற்பட்டன. யாரையும் நிறுத்துவதில்லை. மூட்டைக் கூலி குறையாது. ஒவ்வொரு லாரிக்குப் பின்னும் கால்மணி நேரம் ஓய்வு. அடுத்த லாரி வாசலில் ஒலியெழுப்பினாலும் சரி. இயந்திரத்தின் சிவப்பு நிறுத்து பொத்தானை ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம். ஏன் அழுத்தினாய் என்று கேட்கமாட்டோம்.

நான்காவது உடன்பாடு முதல் வாரத்திலேயே பயன்பட்டது. கிழிந்த சாக்கின் நூல் உருளையில் சுற்றிக்கொண்டது. இளைஞர் ஒருவர் அதை இழுக்கக் குனிந்தபோது அவர் கழுத்துத் துண்டு பட்டையை நோக்கிச் சரிந்தது. எதிரே நின்றவர் பொத்தானை அழுத்திவிட்டார். ஒன்றும் நேரவில்லை. அன்றிலிருந்து கன்வேயர் அருகே துண்டும் சாரமும் கூடாது. ஆறு பேருக்கும் கால்சட்டை தைத்துக் கொடுத்தோம். உருளைகளின் பக்கவாட்டில் தகடு அடித்து மூடினோம். சிக்கலை எடுக்க வேண்டுமானால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுப்பவரே தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆலைகளில் லாக்-அவுட் என்று சொல்லப்படும் இந்த முறைக்கு ஒரு பூட்டின் விலைதான் செலவு.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மணி நேரம் பிடித்த லாரி இப்போது ஒன்றேகால் மணியில் முடிகிறது. இடுப்புப் பட்டை கட்டாமல் வேலைக்கு வராத ஒருவர் அதைக் கழற்றிவிட்டார். மூட்டைகள் கிழிவது குறைந்ததால் எங்களுக்கும் இலாபமே. ஆயினும் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி வேலையிலிருந்து நின்றால், அவரிடத்தில் இன்னொருவரைச் சேர்க்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. அதாவது, இன்று இருப்பவர் காக்கப்படுகிறார். நாளை வரக்கூடியவருக்கு ஓரிடம் குறைகிறது. முதல் கேள்விக்கு இயந்திரம் முழு விடை தரவில்லை என்பதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. அண்ணாச்சியின் பேரன் ஸ்டாக்கர் ஓட்டப் பழகியிருக்கிறார். பொருள் இருப்புக் கணக்கைக் கணினியில் பதியவும் கற்றுவருகிறார். மூட்டை சுமக்காமலேயே கிட்டங்கியில் ஒருவர் பிழைக்கலாம் என்பதற்கு அவர் ஒருவரேனும் உதாரணமாக இருக்கட்டும் என்று முயல்கிறோம்.

வீட்டிலிருந்து கேட்க வேண்டியவை

வளைகுடாவில் கிடங்கில் பணிபுரியும் மகனிடமோ கணவரிடமோ பேசும்போது, சாப்பிட்டீர்களா, சம்பளம் வந்ததா என்று கேட்கிறோம். அவற்றோடு இன்னும் சிலவற்றையும் கேட்கலாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறீர்கள் என்றால் அதற்குரிய பயிற்சிச் சான்று இருக்கிறதா? இருக்கைப் பட்டை அணிகிறீர்களா? வண்டி சாயும்போது வெளியே குதிப்பவர்தான் அதன்கீழ் நசுங்குகிறார்; உள்ளேயே பற்றிக்கொண்டு இருப்பவர் பிழைக்க வாய்ப்பு அதிகம். நடப்பவர்களுக்கென்று தரையில் தனிப்பாதை வரைந்திருக்கிறார்களா? கண்டெய்னரைத் திறந்தவுடன் நுழைகிறீர்களா, காற்றுவிட்டுச் சோதித்த பிறகா? சிக்கல் எடுக்கும்போது மின்சாரத்தை நிறுத்துகிறார்களா? இப்படிக் கேட்பதாலேயே, தம் உடம்பை வீட்டில் ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். இளையவரிடம் எங்கள் உம்மா இவற்றைக் கேட்கத் தொடங்கியதிலிருந்து, அவசரத்துக்காகக் குறுக்குவழியில் போவதை விட்டுவிட்டதாக அவரே சொன்னார்.

காயம் பட்டால் மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வேலையிடத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது அமீரகச் சட்டம். சிறு காயத்தையும் அன்றே எழுத்தில் பதிய வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் சுமைதூக்கும் தொழிலாளர்கள், 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து உதவி முதல் பிள்ளைகளின் கல்வி உதவி வரை அதில் உண்டு. பதியாமலிருப்போருக்குப் படிவம் நிரப்பித் தருவதை நம் ஜமாஅத்துகள் ஒரு வெள்ளிக்கிழமை வேலையாக எடுத்துக்கொள்ளலாம். சுமப்பவர் முஸ்லிமா இல்லையா என்று பாராமல்.

கிட்டங்கி வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய ரோபோ வாங்கும் வசதி நம்மில் எவருக்கும் இல்லாதிருக்கலாம். ஒரு பேலட் டிராலி, ஒரு கன்வேயர், ஒரு சிவப்பு பொத்தான், ஒரு பூட்டு, லாரிக்கு லாரி கால்மணி நேரம் ஆகியவை நம் கைக்கு எட்டுபவை. வாங்குமுன் சுமப்பவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் வலிக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

இரவுப் பணியில் கண்டெய்னருக்குள் நிற்கும் நம் பிள்ளைகளையும், உச்சி வெயிலில் நம் வாசலில் மூட்டை இறக்கும் மனிதர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. அவர்களின் உடம்பை நம்மிடம் பெற்றபடியே அவர்களின் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுக்கும் நற்பேற்றை நமக்குத் தருவானாக. ஆமீன்.